வளைவுக்கு இருநூறு அடி

சிங்கப்பூர், துபாய்:
ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர்,
ஏழேகால் மணி நேரம்,
நடுவில் எங்கும் இறங்காது.
ஒரு ஆஸ்பத்திரியில் கணக்கு முடித்த மறுநாளே
இன்னொன்றில் கையெழுத்து என்பதால்
கோகிலவாணியும் இறங்க முடியாது.
அனுப்பியிருந்த டிக்கெட்டில் நாற்பத்தொன்று ஏ,
இடப்பக்கம், ஜன்னலோரம்.

ஒரு வாரம் அந்த விமானத்தைச் செயலியில் பின்தொடர்ந்தேன்,
சேகோ ஆலை இரவு ஷிப்டில்,
தொட்டியில் மாவு படியும்வரை வேலையில்லாத நேரம்.
ஏழு நாளில் ஐந்து நாள்
மஞ்சள் பொம்மை விமானம்
பத்தரைக்குச் சேலத்தை மிதித்துக்கொண்டு போனது,
முப்பத்தெட்டாயிரம் அடியில்.
"மேலேருந்து எதையாச்சும் போடுவாங்களா?"
என்று கேட்டார் அங்கமுத்து.

சேர்வராயன் கோயில் மேடு ஐயாயிரத்து முந்நூறு அடி.
கழித்தால் பத்து கிலோமீட்டர் தேறாது.
சூரமங்கலத்திலிருந்து ஓமலூரே அதைவிடத் தூரம்.
இரண்டு வருஷம் எட்டு மாதத்தில்
நாங்கள் இவ்வளவு கிட்டே வந்ததில்லை.

லீவு போட்டேன்.
அடிவாரம் செக்போஸ்ட்டில் வண்டியை மறித்தார்கள்.
"இந்நேரத்துக்கு மேல என்ன வேலை?"
"ஒருத்தங்களை வழியனுப்பணும் சார்."
"ஏற்காட்டுல ஏதுய்யா இப்ப பஸ்ஸு?"
நம்பரை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்.
இருபது கொண்டை ஊசி.
வளைவுக்கு இருநூறு அடி வீதம்
அவளை நெருங்கிக்கொண்டிருந்தேன்
இரண்டாவது கியரில்.

மேட்டில் காற்று காதை அறைந்தது.
பத்து இருபதுக்கு
செல்போன் டார்ச்சைப் போட்டு
வானத்துக்குக் காட்டினேன்.
முப்பத்தாறு வயசு எனக்கு.
நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பத்தரை.
வழியில் இடிமேகமோ என்னவோ,
பொம்மை விமானம் ஒதுங்கி
தருமபுரிக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.
அறுபது கிலோமீட்டர் வடக்கே
ஒரு பொட்டு, விட்டு விட்டு மின்னி,
சத்தம்கூட வரவில்லை.
ஏறி வந்த அடியெல்லாம் வீண்.

இறங்கும்போது பதிமூன்றாவது வளைவில்தான் உறைத்தது:
தலைக்கு நேர் மேலே பறந்திருந்தால்
அவள் கண்ணில் நான் விழுந்தே இருக்கமாட்டேன்.
விமான ஜன்னல் பக்கவாட்டில் பார்க்கும்.
கீழே பார்க்காது.
இதை ஒரு வாரமாக யோசிக்காதவன்
அடிக்கணக்கு மட்டும் போட்டிருக்கிறேன்.

இரண்டே முக்காலுக்கு மெசேஜ்:
"வந்துட்டேங்க. பெட்டியில ஒரு சக்கரம் உடைஞ்சிருக்கு.
வழியில லெஃப்ட்ல ஒரு ஊரு, பெரிய வெளிச்சம்.
அதுக்கு முன்னால கருப்பா ஒரு திட்டு,
பொட்டு லைட்டு இல்ல.
சேலமா இருக்குமோன்னு நெனச்சேன்."

ஆமாம், சேலம்தான் என்று அடித்தேன்.
'அந்தக் கருப்பில்' என்று தொடங்கி
அழித்தேன்.
டார்ச்சை அணைக்க மறந்திருக்கிறேன்.
பேட்டரி நான்கு சதவீதம்.