பத்து கிலோ

விமானம் காலை ஆறு இருபதுக்கு.
இப்போது இரவு பதினொன்று.
கட்டில்மேல் பெட்டி
பல் டாக்டரிடம் வந்த பிள்ளைபோல
வாயைப் பிளந்து கிடக்கிறது.

இங்கே சாந்தியாகோவில் நவம்பர் வெயில், அரைக்கை போதும்.
புவெர்த்தோ நத்தாலெஸுக்குக் குடை கொண்டுவர வேண்டாம்,
காற்று பிடுங்கிக்கொள்ளும் என்று
எழுதியிருக்கிறார் ஆலை மேலாளர் அபெலார்தோ.
ஸ்கர்ட்டும் வேண்டாம் என்று எழுதக் கூச்சப்பட்டு
"அதுபோன்ற பிறவும்" என்று சேர்த்திருக்கிறார்.

ஆள் பாதி, ஆடை பாதி.
ஆடைப் பாதிக்குப் பத்து கிலோ அனுமதி.
மற்றப் பாதியை
யாரும் தராசில் ஏற்றச் சொல்வதில்லை.

சாம்பல் கோட்டை எடுத்தேன். திரும்ப மாட்டினேன்.
மார்ச்சில் கல்புகோவுக்கு அதைத்தான் போட்டுப் போனேன்.
பெயர்களை வாசித்து முடித்ததும்
இரண்டாம் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து
கோட்டின் கைவிளிம்பை
இரு விரலால் பிடித்துப் பார்த்து
"நல்ல துணி" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
இரண்டு முறை சலவைக்குப் போட்டாயிற்று.
அந்த இடம் மட்டும் கொஞ்சம் மினுங்குகிறது,
அல்லது எனக்கு அப்படி.

கறுப்பு போட்டால் துக்கத்துக்கு வந்தவள்.
சிவப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.
நீலச் சட்டையின் பையில்
நிறுவனத்தின் சின்னம், துள்ளும் மீன்.
நாற்பத்தொரு பேர் முன்னால்
அது ஏன் இன்னும் துள்ள வேண்டும்?
தங்கை பின்னித் தந்த பச்சைக் கம்பளி
எனக்கு எடுப்பாக இருக்கும்.
எடுப்பாக இருக்கக் கூடாது.
அதற்காக நைந்ததைப் போட்டுப் போனால்
உங்களுக்கு இது போதும் என்பதுபோல் ஆகிவிடும்.

வாயெல்லாம் நுரையோடு ரெனான்
குளியலறைக் கதவில் சாய்ந்து நிற்கிறான்.
"எதைப் போட்டாலும்
அதே கடிதம்தானே, எலியானா."
அவன் சொல்வது சரி.
இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது,
அதனால் தேய்த்தேன்.

கடைசியில் போனவை:
பழுப்புக் காற்சட்டை, எந்த நிறம் என்று
யாரும் நினைவில் வைக்காத ஒரு பிளவுஸ்,
தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி,
நாற்பத்தொரு உறைகள்.
உறைகள் மட்டும் ஒன்றே கால் கிலோ.
அதற்காகப் பச்சையை எடுத்து வெளியே வைத்தேன்.
பிறகு ஏதோ தோன்றி
அதையும் திணித்து, முழங்காலால் மூடினேன்.

*

ஆலை வாசலில்
முகத்தைக்கூடப் பார்க்காமல் நீட்டினாள் ஒரு பெண்:
வெள்ளை அங்கி, நீல வலைத்தொப்பி, ரப்பர் பூட்ஸ்.
சுகாதார விதி. யாராக இருந்தாலும்.
தேய்த்த மடிப்பெல்லாம் உள்ளே போயிற்று.
காதோரம் வரை தொப்பியை இழுத்துவிட்டு
மீன்வெட்டும் மேசைகளுக்கு நடுவே நடந்தேன்.
ஒருவன் என்னைப் பார்த்து
"புதுசா? கையுறை அந்தப் பக்கம்" என்றான்.
நன்றி என்றேன்.
உறைகளை வெளியே எடுக்கும்வரை
நான் அங்கே வேலைக்கு வந்தவள்.

பூட்ஸ் ஒரு அளவு சின்னது.
கம்பளிக் காலுறையைக் கழற்றினால்தான் ஏறியது.
உள்பக்கத்தில் மார்க்கரால் ஒரு பெயர்: நோர்மா.
பட்டியலில் பதினேழாவது
நோர்மா கயூன், மாலை ஷிப்ட்.
அங்கே இரண்டு நோர்மாக்கள் இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
வாசித்த நேரம் முழுக்க
பாதம் ஜில்லென்றிருந்தது.

சனி இரவு வீடு திரும்பினேன்.
பெட்டியைத் திறந்த ரெனான்
பச்சையைத் தூக்கிப் பார்த்தான், மடிப்புக் கலையாமல்.
"அப்புறம் எதைத்தான் போட்டாய்?"
"வெள்ளை" என்றேன்.
"உன்னிடம் வெள்ளையே கிடையாதே."