நீலமா, சாம்பலா

பல்லரட்டில் ஜூலைக் காலை எல்லா வண்டியும் புகைக்கும்,
எதிர்வீட்டுப் புது டொயோட்டாவும்தான்.
அது வெறும் நீராவி; குழாய் சூடேறியதும் போய்விடும்.
ஆகவே பத்து நிமிடம் பொறுத்தேன்,
கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு.

என்னுடையது போகவில்லை.

ஐம்பத்தெட்டில் பிறந்த ஹோல்டன்.
கிரெசிக் பக்கத்து ஆட்டுப்பண்ணை ஏலத்தில்
ஓர் உழவு யந்திரத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே வாங்கியது.
சுத்தியல் விழுந்தபோது
குயின்ரஸ் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

புகை
பின்வேலி சைப்ரஸ் மரங்களின் இருட்டில் நீலம்.
அதே புகை
கொஞ்சம் எழும்பி வானத்தில் பட்டால் பழுப்பு.
நெவில் நீலம் என்றான். குயின்ரஸ் சாம்பல் என்றார்.
நான் குனிந்து மோந்தேன்.
தித்திப்பில்லை, ஆகவே ரேடியேட்டர் தண்ணீர் இல்லை.
பெற்றோல் நெடியும் இல்லை.
மூன்றுதரம் பொரித்த எண்ணெய்ச் சட்டியின் மணம்.

நின்ற இடத்தில் ஓடும்போது நடுங்கியது.
சீரான நடுக்கமென்றால் பழகிவிடலாம்.
இது நாலு அடி நடந்து ஒரு அடி இடறும்,
சிலவேளை இரண்டு.
பக்கக் கண்ணாடி அதிர, அதற்குள் நின்ற நெவிலும் அதிர்ந்தான்.

"ரிங் போச்சு" என்றான்.
"எஞ்சினை இறக்கவேணும். நாலாயிரம் டொலர்."
நாலாயிரம் என்பதைக் குயின்ரஸ்
தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிறு ஆறு பிளக்கையும் கழற்றினேன்.
முன் நாலும் பிஸ்கட் நிறம்.
கடைசி இரண்டும் கறுப்பு, ஈரம், மினுமினுப்பு.
கம்ப்ரஷன் மானியை ஒவ்வொரு துளையிலும் திருகி
எண்களைக் கராஜ் சுவரில் சோக்கால் எழுதினேன்.
நூற்றெட்டு, நூற்றுப்பத்து, நூற்றைந்து, நூற்றெட்டு,
கறுத்த இரண்டிலும் நூற்றுப்பன்னிரண்டு.
ரிங் போன எஞ்சின் இப்படி மூச்சுப் பிடிக்காது.

நெவில் சுவரைப் பார்த்தான்.
மானி பொய் என்றான்.

செவ்வாய் விடியமுன் வேலைக்குப் போகையில் மழை.
ஸ்டர்ட் தெரு ஏற்றத்தில் அக்சிலரேட்டரை அழுத்த,
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது,
சொல்ல வந்ததை மறந்த ஆள்மாதிரி.

மின்சார வைப்பர் அல்ல இது.
எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றில் ஆடுவது.
ஏற்றத்தில் இழுவை குறைந்தால் கைகொடுக்க
பெற்றோல் பம்புக்குள் ஒரு ரப்பர் சவ்வு.

சவ்வு.

ஆஸ்பத்திரி கார்ப் பார்க்கில், மழைக்குள், அப்படியே இருந்தேன்.

டயாலிசிஸ் வார்டில் நாள் முழுக்க நான் காவல் காப்பது அதைத்தான்.
இந்தப் பக்கம் இரத்தம், அந்தப் பக்கம் நீர்.
மயிரிழை கிழிந்தாலும் தெளிந்த பக்கம் சிவக்கும்,
இயந்திரம் அலறும், நான் ஓடுவேன்.
இந்தக் காருக்கு அலறத் தெரியாது.

பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓட ஓட,
வைப்பர் குழாயை மனிஃபோல்டிலிருந்து பிடுங்கினேன்.
காற்று மட்டும் போகவேண்டிய குழாய்.
உள்ளே விட்ட சுண்டுவிரல் கறுப்பாய் வந்தது.
கிழிந்த சவ்வு வழியே எண்ணெயைக் குடித்துக் குடித்து
எரித்திருக்கிறது, பாவி,
எத்தனை மாதமோ.

திறந்த வாயைப் பெருவிரலால் பொத்தினேன்.
விரலைப் பிடித்து இழுத்தது, கன்றுக்குட்டி நாக்குப்போல் பலமாக.
நடுக்கம் அடங்கியது.
நாலு அடி, ஐந்து, ஆறு. இடறவில்லை.
விரலை எடுத்தேன், இடறியது.
வைத்தேன்.
எடுக்க மனமில்லை.

ஆறரை மணி ஊசிக்கு வந்த மிஸ்டர் ஹாலிடே
குடையோடு நின்று, "செத்துப்போச்சா?" என்றார்.
"இல்லை, ஒரு விரலில் ஓடுது."
"என்னைப்போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.
அன்றைக்கு நான் நாலு நிமிடம் பிந்தினேன்.

சவ்வு நாற்பத்திரண்டு டொலர், தபாற்செலவு தனி.
மாற்றிய பிறகும் ஒருநாள் புகைத்தது,
குழாயில் தேங்கிய பழசு.
நெவில் வந்து, தானும் அதைத்தான் நினைத்ததாகச் சொன்னான்.

சுவரில் என் ஆறு எண்களுக்குக் கீழே
குயின்ரஸின் கையெழுத்தில் ஒரு கழித்தல்:
நாலாயிரம், அதன்கீழ் நாற்பத்திரண்டு, ஒரு கோடு.
விடை எழுதவில்லை.
அந்தப் பணத்தை மனுசன் எதற்கோ ஏற்கெனவே செலவழித்துவிட்டார்.