ஈரத்துணி

பிராக்டனில் மழை பெய்தால்
ஜன்னல்கள் ஊதிக்கொள்ளும்.
இரண்டு கையாலும் உலுக்கினால்
முனகிக்கொண்டே மேலேறும்,
கொஞ்சம் தூளை உதிர்த்துவிட்டு.
அந்தத் தூளைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

காலணி ஆலை ஆட்களுக்காக
நூற்றுப் பத்து வருடம் முன் எழுப்பிய மூன்றடுக்கு மரவீடு.
ஆலை போய்விட்டது.
வாடகைக்காரர் மாறும்போதெல்லாம்
ஒரு பூச்சு பூசிக்கொண்டு வீடு நிற்கிறது.

கருவியைச் சட்டத்தில் அழுத்துகிறேன்.
மேலே வெள்ளை. கீழே முட்டை மஞ்சள்,
பாசிப்பச்சை,
யாரோ ஒருத்தி ஆசைப்பட்ட நீலம்.
கருவிக்கு நிறம் தெரியாது.
ஈயம் உண்டா, எவ்வளவு,
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டாம் மாடி ஸெனைடா
குற்றவாளிபோல் சுவரோரம் நிற்கிறாள்.
"தினம் இரண்டு வேளை பெருக்குகிறேன்.
என் வீட்டில் தரையில் போட்டுச் சாப்பிடலாம்."
உண்மைதான். சிக்கலே அதுதான்.
காய்ந்த துடைப்பம் இந்தத் தூளை அள்ளாது, எழுப்பிவிடும்.
அவள் களைத்து உட்காரும் நேரம் பார்த்து
மெல்ல இறங்கி
மகனின் பொம்மை ரயில்மேல் உட்காரும்.
இதை எந்த வார்த்தையில் சொல்வது?
பயிற்சி வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை.

எட்மில்சனுக்கு இரண்டு வயது நான்கு மாதம்.
ஜன்னல் விளிம்பு சரியாக அவன் வாய் உயரம்.
அப்பாவின் பேருந்து திரும்பும் முனையை
அங்கே நின்றுதான் பார்ப்பான்.
விளிம்பில் ஆறு பல் தடம்.
இனிக்கும்; ஈயம் செய்யும் உபசாரம் அது ஒன்றுதான்.
உள்ளே போனதும் பெயரை மாற்றிச் சொல்லும்,
நான் சுண்ணாம்புச்சத்து, எலும்புக்கு வேண்டியவன் என்று.
எலும்பும் நம்பிக் கதவைத் திறக்கும்.

அவன் எண் பதினெட்டு.
காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் என்பார்கள்.
அது உவமை.
இது ஆய்வக அறிக்கை.

வீட்டுக்காரர் கில்ஃபாய்ல் கெட்டவர் அல்ல.
பெயிண்ட் டப்பாவோடு படியில் காத்திருக்கிறார்.
"மேலே இன்னொரு கோட் அடித்தால் போதாதா?"
ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும் அவருக்கு,
பூசாத மாதிரியும் இருக்க வேண்டும்.
போதாது என்கிறேன்.
ஏறி இறங்கும்வரை இந்த ஜன்னல்
தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருக்கும்.
சட்டத்தோடு கழற்றுங்கள்.
கழற்றும் நாட்களில் ஒருவரும் இங்கே இருக்கக் கூடாது.
"யார் பணம்?"
கடன் விண்ணப்பத்தை நீட்டுகிறேன். பதினொரு பக்கம்.
கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுகிறார்.

குழந்தையின் ரத்தத்தைக் கேட்டுத்தான்
வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்கிறோம்.
சுரங்கத்துக்குள் குருவியை இறக்கியவர்கள்
அதைக் குருவி என்றாவது ஒத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாடியிலிருந்து மிர்லாண்ட் எட்டிப் பார்க்கிறாள்.
ஏழு மாதம்.
"எங்கள் ஜன்னலும் உரிந்திருக்கிறது.
தொட்டில் வைக்கும் முன் நானே தேய்த்துவிடலாம் என்று..."
கையில் உப்புத்தாள், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.
நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன்.
பதினைந்து வருட வேலையில் அப்படி ஏறியதில்லை.
அந்தத் தாளை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
கருவி அங்கேயும் அதே எண்ணைத்தான் காட்டியது.
ஆனால் படிவத்தில்
குழந்தையின் பெயர்: இல்லை.
ரத்த அளவு: இல்லை.
இரண்டாவது "இல்லை"யை
பேனா அழுந்த எழுதினேன்.
இந்த வேலை பலித்தால் அதற்குச் சாட்சி இருக்காது.
ஒரு பிள்ளை பள்ளியில் சாதாரணமாக எழுத்துக் கூட்டும்.
யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இறங்கி வரும்போது
ஸெனைடா விளிம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்,
ஒரே திசையில், நான் காட்டியபடி.
எட்மில்சனின் நாற்காலி சமையலறைப் பக்கம் போயிருந்தது.
அங்கிருந்து பேருந்து தெரியாது.
அவன் அழுதுகொண்டிருந்தான்.
வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் கேட்டாள்:
"இந்தத் தண்ணீரை எங்கே கொட்டட்டும்?"