ஒன்பதாம் கிணறு

வேலிக்கு உள்ளே எட்டுக் குழாய்க் கிணறுகள்.
எட்டுப் பூட்டுகளும் துருவேறி இறுகிவிட்டன.
எண்ணெய்க் கிடங்கில்
பூட்டுக்கு எண்ணெய் விட ஆளில்லை.

குளுவாங் தாண்டி இரண்டாவது தோட்டம்.
ரப்பர் போய்ச் செம்பனை வந்து
செம்பனையும் பாதி போய்
லோரிகளுக்கு டீசல் ஊற்றும் இடமாகி
இப்போது அதுவும் இல்லை.
புதைத்த தொட்டி மூன்றில்
இரண்டைத் தோண்டி எடுத்தார்கள்.
மூன்றாவது
வரைபடத்தில் மட்டும் இருக்கிறது.

வியாழன், காலை ஏழே முக்கால்.
பசியாறவில்லை.
கொசு மருந்தும் பூசவில்லை,
அதன் வாடை குப்பிக்குள் போய்விடும்.
கொசுக்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

அளவு நாடாவை இறக்குகிறேன்.
விட்டு விட்டுக் கத்தினால் தண்ணீர்,
விடாமல் கத்தினால் எண்ணெய்.
ஐந்தாம் கிணற்றில்
நான்கு மீட்டர் பன்னிரண்டில்
விடாமல் கத்தியது, மூன்று விரற்கடைக்கு.
பிறகு மூச்சு வாங்கி
விட்டு
விட்டு.

காவலாளி தேக் பகதூர் எட்டிப் பார்த்து
'பாகுஸ்?' என்றார்.
நன்றாகத்தான் இருந்தது, சத்தம்.
ஐம்பத்தொரு மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டேன்.
எண்ணெய் மிதக்கும் இடத்தில்
தண்ணீரிடம் கேட்க ஒன்றுமில்லை.
மூடிவிட்டு ஆறாவதுக்குப் போனேன்.

குப்பி நடுவிரல் உயரம்.
விளிம்புக்கு மேல் தண்ணீர்
மொக்குப் போல நிற்கும்வரை ஊற்றி
மூடி, கவிழ்த்து, தட்டிப் பார்க்க வேண்டும்.
கடுகளவு காற்று இருந்தாலும்
தேடி வந்தது
அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

'தங்கச்சி, நீங்க தண்ணி ஆளா?'

வேலிக்கு அந்தப் பக்கம் கோமளவல்லி.
கைலியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே
'இங்க வந்து பாருங்க,
கெணத்துல வானவில்லு மெதக்குது.'

லயத்தின் கடைசி வீடு. சிமிண்டு உறைக் கிணறு.
பட்டியலில் ஒன்பது கிடையாது.
ஆனால் நிலத்தடி நீர் சாயும் திசைக்கு
போன வருஷம் நானே போட்ட அம்புக்குறியை
இன்னும் ஒரு அங்குலம் நீட்டினால்
அது அவர் அடுப்படி.

வாளியில் மொண்டு
ஈர்க்குச்சியால் படலத்தைத் தொட்டேன்.
எண்ணெய் என்றால் கிழிந்த இடம்
ஓடிவந்து கூடிக்கொள்ளும்.
இது அப்பளமாக நொறுங்கியது.
துண்டுகள் தனித்தனியே நின்றன,
பேச்சு முறிந்த பங்காளிகள் மாதிரி.
'எண்ணெ இல்லக்கா. இரும்பு திங்கிற கிருமி.'

'அப்பக் குடிக்கலாம்.'

அது கேள்வியாக இருந்திருக்கலாம்.
நிறமில்லாமல் கரைவதை,
படலம் கட்டாததை,
ஈர்க்குச்சிக்குத் தெரியாததை
எந்த வார்த்தையில் தொடங்குவது?
'குடிக்கிறீங்களா?' என்றேன்.

'கொழாய்த் தண்ணி இருக்கே.
சனி ஞாயிறு மட்டும் வராது.'

உடைந்தால் மாற்ற எடுத்துவந்ததில்
இரண்டு குப்பி மிச்சம்.
கையுறை மாற்றி, மொண்டு, மூடி,
கவிழ்த்து, தட்டினேன். காற்றில்லை.
கம்பெனி படிவத்தில் இதை எழுத முடியாது.
புதிதாக ஒன்று எடுத்து
வாடிக்கையாளர் என்ற கட்டத்தில்
அவர் பெயரை எழுதினேன்.

'எவ்வளவு ஆவும்?'
'நூத்தியெம்பது வெள்ளி.'
கிணற்றைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார்.
'அடுத்த மாசம் கூட்டு எனக்கு விழுது. தந்துர்றேன்.
பதில் எப்ப வரும்?'
'பத்து நாள்.'
விரல் மடக்கி எண்ணினார்.
'பத்து நாள்ல
ரெண்டு சனி ஞாயிறு இருக்கே, தங்கச்சி.'

வேனில் என் குடிதண்ணீர் ஒன்றரை லிட்டர் இருந்தது.
கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை.
புட்டியின் சிறுமை எனக்குத்தான் கூசியது.

பனிக்கட்டிப் பெட்டியை மூடி
வேன் கதவில் சாய்ந்தபடி
படிவத்தின் கடைசி வரிகளை நிரப்பினேன்.
நிறம்: இல்லை.
வாசனை: இல்லை.
பயன்பாடு:
சனி, ஞாயிறு.