இரவுப்பணிப் பிசாசு

ஓரூரோவில் கார்னிவலுக்கு இன்னும் ஆறே இரவுகள்.
பகலில் டயர் விற்கும் எலெயூத்தேரியோ
தன் பிசாசு முகமூடிக்குக்
கண் வைக்கிறான்.

முதல் எல்இடி,
ரெசிஸ்டரை மறந்ததில்
ஒரு பளிச்சோடு சரி.
இரண்டாவதைக் கால் மாற்றிச் செருகிவிட்டு
அரைமணி நேரம் பேட்டரியைத் திட்டினான்.

அப்புறம் எரிந்தது.
இரண்டு டிரான்சிஸ்டர்கள்
நீ அணை நான் எரிகிறேன் என்று
வெடுக்வெடுக்கென்று மினுக்க வேண்டும்;
இவனோ கண்ணுக்கொன்றாக
பழைய ரேடியோவின் குண்டுக் கெப்பாசிட்டரைக்
கூடவே பற்றவைத்திருந்தான்.
வாங்கியதை லேசில் விடாத ஜென்மம்.

இடக்கண் சொக்கிச்
சொக்கி
மூடுகிறது.
வலக்கண்ணுக்கு அதன்பிறகுதான் விடிகிறது.

"நரகத்தில் இவருக்கு இரவுப்பணியோ?"
பாஸிலியா சிரித்த சிரிப்பில்
மேஜைமேல் கொம்புகள் ஆடின.

கெப்பாசிட்டரைக் கழற்றக்
காய்ச்சிய சால்டரிங் கம்பி
தாங்கியிலேயே
ஆறிக்கொண்டிருக்கிறது.