மூன்றாம் ஜன்னல்

வங்கி மூடி ஒன்பது வருஷம்.
பெட்டகத்தின் கதவை மட்டும்
யாராலும் நகர்த்த முடியவில்லை.
மூன்று டன் எஃகு.
அதனால் மெத்தடோனை அதற்குள் வைக்கிறோம்:
சிவப்புத் திரவம், செர்ரி வாசம்,
நெஞ்சுவரை இறங்கும் கசப்பு.

காலை ஐந்தேகால்.
பாலத்துக்கு அப்பால் மலைச்சரிவில்
பிக்கப் விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கிவரும்.
சுரங்கம் ஓடிய காலத்தில்
முதல் ஷிப்டுக்கு இறங்கிய அதே நேரம்,
அதே வளைவு.
வேலை போனபின்னும் உடம்பு விழித்துக்கொள்கிறது.

எனக்கு மூன்றாம் ஜன்னல்.
பேனா கட்டியிருந்த மணிச்சங்கிலி
இன்னும் தொங்குகிறது, பேனா இல்லை.
ஒருநாள் அதன் நுனியில் யாரோ
தூண்டில் முள்ளைக் கட்டிவைத்திருந்தார்கள்.
வரிசை முழுக்கச் சிரித்தது.
கழற்றிக் குப்பையில் போட்டேன்.

பெயர், பிறந்த தேதி, அளவு.
குடித்ததும் ஏதாவது பேசியாக வேண்டும்,
அது விதி.
நாக்கடியில் ஒதுக்கிக் கொண்டுபோய்
வெளியே விற்றுவிடாமலிருக்க.
அதனால் இந்த ஊரில்
எல்லாரும் என்னிடம் தினம் ஒன்று சொல்கிறார்கள்.
"பனி" என்பார் ஹோபர்ட்.
ஜூலையிலும் அதே சொல்தான்.
"நாய் குட்டி போட்டிருக்கு, ஏழு."
"கரண்ட்ட வெட்டிட்டாங்க."
"தம்பிய நேத்துப் புதைச்சோம்."
விழுங்கியாயிற்றா என்று மட்டும் பார்க்கவேண்டும் நான்.
அடுத்தவர், என்று சொல்லவேண்டும்.
சொல்கிறேன்.

வெர்னா ஸ்டிடம்
இருபத்திரண்டு வருஷம் இதே ஜன்னலில்
என் பக்கத்தில் நின்றவள்.
முதுகுவலிக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டர்
புளோரிடாவுக்குப் போய்விட்டார்.
அதற்குப் பிறகு நடந்ததை
அவள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.
என் முதல் சம்பளக் காசோலைக்கு
நோட்டெண்ணித் தந்த விரல்கள்
அன்று பிளாஸ்டிக் கோப்பையைப் பிடித்தன.
குடித்தாள். நிமிரவில்லை. பிறகு,
"அந்த டிராயர் சிக்கும்.
இடது பக்கம் கொஞ்சம் தூக்கி இழு."

ஒன்பது மாதமாக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.
தூக்கி இழுத்தேன்.
வந்தது.

இலையுதிர் காலத்தில் அவளுக்கு
வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது,
ஆறு நாள், ஆறு குப்பி,
பூட்டு உள்ள பெட்டி கட்டாயம்.
சாம்பல் நிறக் காசுப்பெட்டி கொண்டுவந்தாள்,
வங்கியின் பெயர் பாதி சுரண்டப்பட்டது.
சாவி இரண்டு.
"ஒண்ணு நீ வச்சுக்கோ."
வாங்கக் கூடாது. வாங்கவில்லை.
வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.
மறு வாரம் ஆறு காலிக் குப்பிகளை
கட்டைவிரலை நாவில் தொட்டுக்கொண்டு
ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தாள்.
நானும் எண்ணினேன்.
எண்ணாமலிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும்.

ஜனவரியில் நிஜமாகவே பனி கொட்டியது.
பனி தள்ளும் வண்டி
தார்ச்சாலை முடியும் இடத்தில் திரும்பிவிடும்.
ஹோபர்ட்டின் வீடு
அதற்கும் மேலே நான்கு மைல்.
முதல் நாள் வரவில்லை.
இரண்டாம் நாள் வரவில்லை.
போன் அடித்துக்கொண்டே இருந்தது.
மூன்று நாள் தவறினால்
அளவைக் குறைத்து மறுபடி தொடங்கவேண்டும்,
டாக்டர் கையெழுத்து வேண்டும்.
டாக்டர் இருப்பது இருநூறு மைல் தள்ளி ஒரு திரையில்,
வியாழன் மட்டும்.

மூன்றாம் நாள், வெர்னா குடித்துவிட்டுச் சொன்னாள்:
"மேட்டுல அவரு வண்டி மாட்டிக்கிட்டு நிக்குது.
உள்ள ஆள் இல்ல.
காலடி கீழ்ப்பக்கமாத்தான் போகுது."

பதினொன்றுக்கு ஜன்னலை மூடவேண்டும்.
என் போனில் பதினொன்று ஆகிவிட்டது.
சுவர்க்கடிகாரம் வங்கி விட்டுப்போனது,
எட்டு நிமிஷம் மெதுவாக ஓடும்,
சரிசெய்யச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.
போனைப் பையில் போட்டேன்.
அன்று அந்தக் கடிகாரத்தைத்தான் நம்பினேன்.