நாற்பத்து மூன்றாவது மீட்டர்

பாடாங் செராய் நகல் கடையில்
இரண்டு பாரங்களையும் அருகருகே வைத்தேன்.
பாரம் என்றுதான் இங்கே சொல்வோம்,
சுமைக்கும் அதே சொல்.
ஒன்று தர்வினுடையது: மன்னர் சாரணர்.
மற்றது என்னுடையது: தங்க விருது.
வேறு இயக்கம், வேறு முத்திரை.
நகலுக்கு மட்டும் ஒரே விலை,
பக்கத்துக்கு இருபது காசு.

"எது பெரிசு?" என்றாள் அம்மா,
குளிம் கையுறை ஆலையிலிருந்து
இரவு வேலை முடிந்து வந்து
காலுறையைக்கூடக் கழற்றாமல்.

பெரிசு என்றால் எதைச் சொல்ல?
தர்வினுக்கு இரவுகள் வேண்டும்,
கூடாரத்தில் கழிந்த இரவுகள்.
எனக்கு மாதங்கள்.
அவன் ஒரு நாள் முழுக்க நடந்து
முடிச்சுப் போட்டு, வரைபடம் விரித்து
தேர்வாளர் முன் விறைப்பாக நிற்க வேண்டும்.
நான் வாரா வாரம் ஏதோ ஒரு மூலையில்
யாரும் பார்க்காமல் எதையாவது செய்து
பிறகு, பார்த்ததாக
ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அவனுடையது துணி. என்னுடையது உலோகம்.
போன வருட வெண்கலத்தை
குணாளன் மளிகையில்
ஏலக்காய் நிறுக்கும் தராசில் வைத்தோம்.
பதினொரு கிராம்.
அவன் சட்டையிலிருந்து பிரித்து வைத்த சின்னத்துக்கு
எண் அசையவே இல்லை.
"ஊதிடாதே தம்பி, பறந்துடும்" என்றார் குணாளன்.
தர்வின் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு எதில் புள்ளி கூடுதல்
என்று பள்ளியில் விசாரித்தோம்.
ஆளுக்கொரு கணக்கு.
எல்லாரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்:
சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு வை,
கரையான் வரும்.

எங்கள் இருவர் பட்டியலிலும்
ஒரே ஒரு வரி ஒன்றாக இருந்தது.
தீ மூட்டல் தெரியும்.
செம்பனை வரிசைகளுக்குள்
எண் பலகை இல்லாமலே வழி தெரியும்.
பாம்பு கடித்தால் எங்கே கட்டக் கூடாது
என்பதுகூடத் தெரியும்.
நீச்சல், ஐம்பது மீட்டர்.
அது தெரியாது.
வாய்க்காலில் குதித்திருக்கிறோம்.
வாய்க்காலை யார் அளந்தார்கள்?

ஒன்பது சனிக்கிழமை
சுங்கைப் பட்டாணிக்குப் பேருந்து.
குளோரின் வாசனையோடு திரும்பி வந்தால்
பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்
மருத்துவமனையா என்று கேட்பார்.

பத்தாவது சனிக்கிழமை தேர்வு.
தர்வின் பாதித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே
போய்ச் சேர்ந்தான்.
அடுத்து நான்.
திரும்பும் வழியில், நீலக் கோடு
கறுப்பாக மாறும் இடத்தில்
பெருவிரல் தரையைத் தொட்டது.
ஒரு ஓடு. ஒரு நொடி.
பிறகு நீந்தி முடித்தேன்.

கோ சார் தொலைபேசியில் இருந்தார்.
விசில் அவர் கழுத்தில் சும்மா தொங்கியது.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
"ஐம்பது?" என்றார்.

யாரும் பார்க்கவில்லை.
என் விருதே அந்த மாதிரிதானே,
யாரும் பார்க்காதது.
"நாற்பத்து மூன்று" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.
பேனாவை மூடிவிட்டு
பென்சிலைத் தேடினார்.
ஓரத்தில் மெல்லிசாக 43 என்று எழுதினார்,
அழிப்பதற்கு வசதியாக.
துண்டுக்குள்ளிருந்து தர்வின்
"பைத்தியமாடி நீ?" என்றான்.
அன்று பேருந்தில்
அவன் வாங்கிய கச்சாங் பூத்தே பொட்டலத்தை
என் பக்கமாகவே வைத்திருந்தான்.

இரவு அம்மா மறுபடி கேட்டாள்,
யாருடையது பெரிசு என்று.
ஏழு மீட்டர் குறையுது அம்மா என்றேன்.
"ஏழுன்னா?"

அடுக்குமாடித் தாழ்வாரத்தில்
எங்கள் கதவிலிருந்து படிக்கட்டுவரை
அவளே அடி வைத்து அளந்தாள்.
பக்கத்து வீட்டுச் செருப்புகளைத் தாண்டி,
எரிவாயு உருளையைத் தாண்டி.
அங்கே நின்று திரும்பி
"இவ்வளவுதானா?" என்றாள்.

தண்ணீரில் அது எவ்வளவு என்று
சொல்ல வரவில்லை.
"இவ்வளவுதான்" என்றேன்.